தொழுவக் கதவைத் திறந்த நாள்

எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இருந்த மலைச்சரிவை எங்கள் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. நம் உச்சந்தலையை நாமே பார்க்க முடியாது அல்லவா, அதுபோலத்தான். எதிரே இருப்பவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு எதிரே இருந்தது பிளாசி மாமாவின் வீடு. நடுவில் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் வெயில்கரை, அது எங்களுடையது. அந்தப் பக்கம் நிழல்கரை, அது அவர்களுடையது. குளிர்காலத்தில் அவ்வளவு உயரத்தில் அந்த இரண்டு வீடுகளில்தான் புகை வரும். ஊர், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு மணி நேர நடையில் கீழே இருந்தன.

எங்கள் மலையைப் பிளாசி மாமா பார்ப்பார். அவர் மலையை நாங்கள் பார்ப்போம். பனிக்காலத்தில் காலையில் எழுந்ததும் ஜெபம். அடுத்து ஜன்னல். பிறகுதான் பாலும் ரொட்டியும்.

எதிர்ச்சரிவில் பனி விரிசல் விட்டிருந்தால், பெட்டியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து ஜன்னலில் தொங்கவிட வேண்டும். 'உன் தலைக்கு மேலே ஆபத்து, உடனே கிளம்பு' என்று அதற்கு அர்த்தம். இரண்டு வீட்டிலும் அப்படி ஒரு துணி உண்டு.

இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது. ஆபத்தான சரிவுக்குக் கீழே யாரும் நேரில் போய்க் கூப்பிடக் கூடாது. துணிதான் கூப்பிட வேண்டும். முன்னொரு காலத்தில் கூப்பிடப் போனவரும் வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்தே பனிக்குள் போய்விட்டார்களாம்.

அதனால் எங்கள் இரண்டு வீடுகளிலும் சிவப்பு நிறத்தில் ஒரு கைக்குட்டைகூட ஜன்னல் பக்கம் போகாது. அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் பெயர் மெஞ்சா. என் தம்பி கிளாவுக்கு மூன்று வயது. பட்டணத்துச் சித்தி கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஓர் இறகுப் போர்வை அனுப்பியிருந்தாள். நல்ல தக்காளிப்பழச் சிவப்பு.

ஜனவரியில் ஒரு நாள் காலை. மூன்று நாள் விடாமல் பெய்த பனி அப்போதுதான் நின்றிருந்தது. அப்பாவும் அம்மாவும் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார்கள். கிளாவ் வந்து என் சட்டையை இழுத்தான்.

"அக்கா, போர்வைல மழை பெஞ்சிடுச்சு."

"போர்வைல எப்படிடா மழை பெய்யும்?"

"உள்ளேருந்து பெஞ்சது."

அம்மா வந்தால் அவனுக்குத் திட்டு விழுமே என்று நான் அவசர அவசரமாக அந்தப் போர்வையைத் தூக்கி ஜன்னலில் காயப்போட்டேன்.

எதிர்க்கரையில் பிளாசி மாமா அதைப் பார்த்தார்.

அடுத்த கால் மணி நேரத்தில் அவர், துர்த்தே அத்தை, அவர்கள் மகள் உர்செட்டா, கைக்குழந்தை, ஒன்பது மாடுகள், நான்கு ஆடுகள் எல்லாரும் ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். மூச்சு விட்டால் மீசையில் உறைகிற குளிர். ஓர் ஆட்டுக்குக் கால் பிசகியது. அடுப்பில் விட்டுவந்த பால் பொங்கித் தீய்ந்து, வீடெல்லாம் கரும்புகை. கோயிலில் அவர்கள் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா மூச்சிரைக்க ஓடிப்போய் உண்மையைச் சொன்னார்.

முதலில் சிரித்தது பாதிரியார்தான் என்பார்கள். அப்புறம் ஊரே சிரித்தது.

பள்ளிக்கூடத்தில் உர்செட்டாவைப் பார்த்தாலே பையன்கள், "ஏய், ஒண்ணுக்குப் பனி வருது! ஓடு, ஓடு!" என்று கத்துவார்கள். அதுவரை நானும் அவளும்தான் ஒன்றாகப் பள்ளிக்குப் போவோம், ஒரே சறுக்குப் பலகையில் உட்கார்ந்து ஊர்வரை வழுக்கிக்கொண்டு போவோம். பையன்கள் கத்திய முதல் நாள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'தப்பு என்னோடது, அவளைச் சொல்லாதீங்க' என்று நான் எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பலகையையும் அவளே தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

பிளாசி மாமா பாலத்தில் அப்பாவை மறித்து நின்றார்.

"ஜாகன், இனிமே உன் வீட்டையே நீ சிவப்புச் சாயத்துல முக்கி வெச்சாலும் நான் நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன். உன் மலையையும் பார்க்க மாட்டேன். அவங்கவங்க தலை, அவங்கவங்க பாடு."

அப்பா மன்னிப்புக் கேட்டார். அம்மா காய்ந்த பேரிக்காய் போட்டு ரொட்டி சுட்டு அனுப்பினாள். ரொட்டியை வாங்கிக்கொண்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை.

அடுத்த குளிர்காலம் வந்தது. எனக்குப் பத்து வயது.

பிப்ரவரியில் அந்தப் புயல் பிடித்தது. ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டே வந்து ஐந்தாம் நாளும் ஆயிற்று. பனி நிற்கவில்லை. வேலிக்கம்பங்கள் மறைந்தன. தண்ணீர்த் தொட்டி மறைந்தது. பாலாடைக்கட்டி கொடுக்க ஊருக்குப் போன அப்பா அங்கேயே மாட்டிக்கொண்டார். ஊருக்குப் போகிற வழியில் ஒரு பனிச்சரிவு விழுந்து பாதையை அடைத்துவிட்டிருந்தது. இனி யாரும் மேலே வரவும் முடியாது, கீழே போகவும் முடியாது.

ஐந்தாம் நாள் மதியம் குளிர் திடீரென்று கொஞ்சம் தணிந்தது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் ஜன்னலில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். எதிரே மேகம் விலகியது. திரையை யாரோ ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்ததுபோல் கொஞ்ச நேரம்தான். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"அம்மா! மீன்வாய்!"

அம்மா கையில் இருந்த கரண்டியோடு ஓடிவந்தாள். அதற்குள் மேகம் மூடிவிட்டது.

சரிவில் கிடக்கும் பனி முழுவதும் புல்லின்மேல் வழுக்கத் தொடங்கினால், மேலே ஓர் இடத்தில் கிழியும். கிழிந்த இடத்தில் பழுப்புப் புல் தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்ததுபோல் இருக்கும். அந்த வாய் பெரிதாகிக்கொண்டே போனால், கீழே இருப்பவர்கள் அங்கே இருக்கக் கூடாது.

"எவ்வளவு நீளம்டி?"

"பிளாசி மாமா வீடு மாதிரி நாலு வீடு வெக்கலாம்."

"நிஜமாப் பார்த்தியா?"

"மாதா மேல ஆணையா, அம்மா."

"மாதாவை ஏன் இழுக்கறே? பார்த்தேன்னா பார்த்தேன்னு சொல்லு. போதும்."

"பார்த்தேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பெட்டியைத் திறந்து சிவப்புத் துணியை எடுத்தாள். நாங்கள் இருவருமாக அதை ஜன்னலில் கட்டினோம்.

பனி கொஞ்சம் மெலிந்தபோது எதிர்வீட்டு வாசலில் பிளாசி மாமா தெரிந்தார். அவர் துணியைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, பெரிய மனிதர்களுக்கு வணக்கம் வைப்பதுபோல் எங்களைப் பார்த்துக் குனிந்தார். உள்ளே போனார். ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாக அடித்துச் சாத்தினார்.

"நம்ப மாட்டேங்கறார்ம்மா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"எங்கே போவே? இடுப்பளவு பனி. ஆத்தைத் தாண்டி மேலே ஏற ஒரு மணி நேரம் ஆகும். அதுவும் அந்த மீன்வாய்க்குக் கீழேயேதான் போகணும்." அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போகக் கூடாதுன்னு பெரியவங்க சும்மா சொல்லல."

"அப்ப உர்செட்டா?"

அம்மா, கோயிலில் மந்திரித்துக் கொடுத்த மெழுகுவத்தியை ஏற்றி ஜன்னலில் வைத்தாள். புயல் நேரத்தில் அதை ஏற்றுவது வழக்கம். மூவரும் முழங்காலில் நின்றோம். எனக்கு ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. 'ஆண்டவரே, அவர் நம்புகிற மாதிரி ஏதாவது ஒன்று காட்டும்' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அப்போது ஒரு காற்று வந்து மெழுகுவத்தியை ஆட்டியது. தொழுவத்துக்குப் போகிற உள்கதவைக் கிளாவ் சரியாகச் சாத்தவில்லை.

"கதவைச் சாத்துடா!" என்று நானும் அம்மாவும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

எங்கள் மலையில் எந்த வீட்டிலும் குளிர்காலத்தில் அதிகம் கேட்கிற வார்த்தை அதுதான். மாடுகளின் மூச்சுதான் எங்கள் வீட்டுக்குச் சூடு. தொழுவம் குளிர்ந்தால் பால் குறையும், மாடு சளி பிடித்துப் படுக்கும். ஓர் 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்கிற நேரம் கதவு திறந்திருந்தாலும் அப்பா வீடு அதிரச் சத்தம் போடுவார். பிளாசி மாமாவோ அப்பாவைவிட மோசம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அம்மா, நம்ம தொழுவத்தோட பெரிய கதவைத் திறந்து வெப்போம்!"

"என்னது?"

"ரெண்டு கதவையும். அகலமா. நம்ம மாட்டை எல்லாம் ஒரு பக்கமாத் தள்ளிட்டு, அவங்க மாட்டுக்கு வைக்கோல் போட்டு, விளக்கு மாட்டி வெப்போம். அவருக்கு அங்கேருந்து தெரியும். துணியை யாரு வேணாலும் விளையாட்டுக்குத் தொங்கவிடலாம். இந்தக் காத்துல தொழுவத்தை யாராவது விளையாட்டுக்குத் திறப்பாங்களா?"

அம்மா தொழுவத்தின் பக்கம் பார்த்தாள். உள்ளே எங்கள் கன்றுக்குட்டி புள்ளி இருந்தது. பிறந்து பதினொரு நாள்தான் ஆகியிருந்தது.

"புள்ளி தாங்குமாடி?"

எனக்கும் அதே பயம்தான். புள்ளி பிறந்தபோது நான்தான் அதன் முகத்தைத் துடைத்துவிட்டேன். 

"அப்பா இருந்தா என்ன சொல்வார்?" என்று அம்மா கேட்டாள்.

"திட்டுவார்."

"ஆமா, திட்டுவார். அப்புறம்?"

"அப்புறம் அவரே வந்து தாழ்ப்பாளைத் தூக்குவார்."

அம்மா சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "வா."

தாழ்ப்பாள் உறைந்து போயிருந்தது. அம்மா கோடாலியின் பின்பக்கத்தால் நான்கு அடி அடித்தாள். கதவுகள் திறந்ததும் பனி ஒரு கூட்டமாக உள்ளே பாய்ந்தது. எங்கள் ஆறு மாடுகளும் தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தன. 'இவர்களுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்பதுபோல் இருந்தது.

மூன்று மாடுகளை விறகுக் கொட்டகைக்கு ஓட்டினோம். மூன்றைச் சுவரோரம் நெருக்கிக் கட்டினோம். ஆடுகள் சமையலறைக்குப் போயின. காலியான இடத்தில் புது வைக்கோலை விரித்தோம். வீட்டில் இருந்த மூன்று லாந்தர்களையும் ஏற்றி வாசலில் மாட்டினோம். புள்ளியைச் சுற்றுவதற்கு நான் கட்டிலுக்கு அடியிலிருந்து அந்தச் சிவப்புப் போர்வையை இழுத்துவந்தேன்.

"அது என்னோடது!" என்றான் கிளாவ்.

"இன்னிக்கு ஒரு நாள் குடுடா."

"புள்ளி அதுல மழை பெஞ்சிடும்."

"பெஞ்சா நீ அதைக் கிண்டல் பண்ணக் கூடாது" என்றேன்.

பிறகு நாங்கள் திறந்த வாசலில் நின்றோம். வேறு செய்ய ஒன்றும் இல்லை. கால் விரல்கள் இருக்கின்றனவா, இல்லையா என்றே தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் தொழுவத்தின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. புள்ளி ஒரு முறை மெல்லக் கத்தியது. அம்மா உதடுகளை அசைத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் பலகை விரல் அகலத்துக்குத் திறந்தது. சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தது. இந்த முறை முழுவதும் திறந்தது. அங்கே இரண்டு தலைகள் தெரிந்தன, ஒன்று சின்னது.

அப்புறம் பனி கனத்துவிட்டது. எதுவும் தெரியவில்லை.

எவ்வளவு நேரம் நின்றோமோ, நினைவில்லை. வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் அசைந்தது. அது அவர்கள் வீட்டை ஒட்டி இறங்கும் காட்டுப் பாறையின் ஓரமாகக் கீழே வந்தது. பாறை மறைப்பதால் அந்த ஓரத்தில் பனிச்சரிவு விழாது. ஆனால் புதுப்பனியில் அந்த வழியாக இறங்கலாமே தவிர, ஏற முடியாது.

"எல்லாரும் வராங்களா, இல்ல அவர் மட்டும் நம்மைத் திட்ட வராரா?" என்றாள் அம்மா.

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மாடுகள் வந்தால் கழுத்து மணிகள் கேட்க வேண்டுமே. ஒரு சத்தமும் இல்லை. திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

பாலத்தின்மேல் முதல் மாடு தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒன்பது மாடுகளும் வரிசையாக, கொஞ்சமும் ஓசையில்லாமல், கனவில் வருவதுபோல் வந்தன. ஒவ்வொரு மணிக்குள்ளும் வைக்கோலைத் திணித்து நாவைக் கட்டியிருந்தார்கள். சத்தம் பனியை எழுப்பிவிடும் என்று எங்கள் மலையில் எல்லாருக்கும் பயம் உண்டு. கேலி என்று நினைத்தவர் ஒன்பது மணிக்கும் வைக்கோல் அடைப்பாரா? பிளாசி மாமா எங்களை நம்பிவிட்டார்!

அவர் எங்கள் வாசலுக்கு வந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பார்லா, உனக்கு அறிவு இருக்கா? கன்னுக்குட்டியை உள்ள வெச்சுக்கிட்டு இப்படியா கதவைத் திறந்து போடுவாங்க? மூடு முதல்ல!"

"நீங்க உள்ள வந்தாத்தானே அண்ணே மூட முடியும்?" என்றாள் அம்மா.

மாடுகளுக்குப் பின்னால் அவர்கள் ஆடுகளும் வந்தன. துர்த்தே அத்தையின் முதுகில் கூடை, கூடைக்குள் குழந்தை. உர்செட்டாவின் கோட்டுக்குள்ளிருந்து அவர்கள் பூனையின் தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உர்செட்டா என்னைப் பார்த்தாள். பேசவில்லை.

துர்த்தே அத்தைதான் சொன்னாள். "நான் எத்தனையோ சொன்னேன். அசையவே இல்ல. உர்செட்டாதான், 'அப்பா, அவங்க தொழுவம் திறந்து கிடக்கு, மாட்டை வெளியே ஓட்டறாங்க'ன்னா. பார்த்தார். 'கன்னு இருக்கிற தொழுவத்தை எந்தப் பைத்தியமும் வேடிக்கைக்குத் திறக்காது, கிளம்பு'ன்னுட்டார்."

கதவை மூடினோம். இருபது உயிர்களுக்கு மேல் ஒரு சின்ன வீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். காத்திருந்தோம்.

ஒன்றும் நடக்கவில்லை.

அரை மணி போயிற்று. ஒரு மணி போயிற்று. கூரைச் சொட்டு மட்டும் கேட்டது. பிளாசி மாமா தாடியைச் சொறிந்தார். ஜன்னலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எங்கே அண்ணே?"

"வீட்டுக்கு."

"ஐயோ, வேண்டாம்!"

"யாரு பார்த்தது அந்த மீன்வாயை? நீ பார்த்தியா, பார்லா?"

"மெஞ்சா பார்த்தா."

"ஓகோ. போர்வை காயப்போட்ட அதே மெஞ்சாவா?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "இன்னொரு தடவை ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். என் பொண்ணு அழுதுக்கிட்டே பள்ளிக்கூடம் போனது போதும்."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார். துர்த்தே அத்தை அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார்.

நான் என்ன சொல்வேன்? 'சத்தியமாகப் பார்த்தேன்' என்று எத்தனை முறை சொன்னாலும் அது அதே மெஞ்சாவின் வார்த்தைதானே. என் கை தானாகப் புள்ளியின் காதைத் தொட்டது. காது பனிக்கட்டியாக இருந்தது. உடம்பு உதறிக்கொண்டிருந்தது.

"மாமா" என்றேன். "புள்ளி நடுங்குது. எங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. அப்பாவும் இல்ல."

அது தந்திரம் இல்லை. உண்மையாகவே எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிளாசி மாமா தாழ்ப்பாளில் கை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். எங்கள் பள்ளத்தாக்கிலேயே மாட்டு வைத்தியம் அவரைப்போல் தெரிந்தவர் கிடையாது. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"இப்படியா சுத்தி வெப்பாங்க? வேர்வை உள்ளேயே நிக்கும். எடு அதை." போர்வையை உருவினார். கையில் பிடித்து, லாந்தர் வெளிச்சத்தில் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். "இதுதானா அது?"

"ஆமா, மாமா."

"ம். நல்ல சிவப்புதான்" என்றார். "யாரா இருந்தாலும் ஓடியிருப்பான்."

துர்த்தே அத்தை சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உர்செட்டா, வெந்நீர் கொண்டா. மெஞ்சா, நீ அந்தப் பக்கம் வைக்கோலால தேய். உர்செட்டா இந்தப் பக்கம். விடாம தேய்க்கணும், கை ஓயக் கூடாது."

நானும் உர்செட்டாவும் கன்றுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து தேய்த்தோம். 

"மெதுவாத் தேய்டி" என்றாள் உர்செட்டா. "தோல் உரிஞ்சுடப் போகுது."

ஒரு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அது பாட்டுப் போலக் கேட்டது.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் கணம் மாடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் அசை போடுவதை நிறுத்தின. காதுகளை நிமிர்த்தின.

முதலில் ஒரு பெருமூச்சு. மலை மூச்சை இழுத்து விட்டதுபோல. அடுத்து, அடிவயிற்றில் கேட்கிற ஓர் உறுமல். பெரிய கதவு உள்பக்கமாகப் புடைத்தது. லாந்தர்கள் அணைந்தன. சுவரின் ஒவ்வோர் இடுக்கிலிருந்தும் வெள்ளைத் தூள் சீறிக்கொண்டு வந்தது. யாரோ என் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டார்கள். அது பிளாசி மாமாவின் கை. அவருடைய இன்னொரு கை புள்ளியின்மேல் இருந்தது.

பிறகு ஓசையே இல்லை.

வெளியே வந்து பார்த்தபோது காற்றில் தூள் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நிழல்கரையில் தொழுவம் இருந்த இடத்தில் தொழுவம் இல்லை. வீடு பாதிதான் இருந்தது. புகைபோக்கி ஆற்றோரமாகக் கிடந்தது.

துர்த்தே அத்தை குழந்தையை இறுக்கிக்கொண்டு பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. மீதியை அம்மா சொன்னாள். பிளாசி மாமா தலை குனிந்து நின்றார். ஜெபம் முடிந்தும் அவர் வெகுநேரம் நிமிரவில்லை.

சாயங்காலம் நானும் உர்செட்டாவும் சமையலறையில் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எல்லாருக்குமாக உருளைக்கிழங்கைத் துருவினோம். மாவு சேர்த்து வெண்ணெயில் பொலபொலவென்று வறுத்தால் எத்தனை பேருக்கும் போதும். அந்த வெண்ணெய் மணமும் ஆட்டு வாசனையும் சேர்ந்து இன்றைக்கும் என் மூக்கில் இருக்கின்றன.

"அன்னிக்கு எல்லாரும் சிரிச்சப்போ நானும் சிரிச்சேன்" என்றேன்.

"தெரியும்."

"தப்புதான் அது."

"அதுவும் தெரியும்." அவள் இன்னொரு கிழங்கை எடுத்தாள். "ஆடு உன் ஜடையைத் தின்னுது."

நான் வீறிட்டுக்கொண்டு துள்ளி எழுந்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கட்டும் என்று நான் கொஞ்ச நேரம் ஜடையை ஆட்டிடமே விட்டுவைத்தேன்.

மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. எழுந்து பார்த்தால் பிளாசி மாமாவைக் காணோம். இடிந்த வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று நானும் உர்செட்டாவும் பதறி ஓடினோம்.

அவர் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். தன் வீட்டை அவர் பார்க்கவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுத்தை அண்ணாந்து, எங்கள் வீட்டுக்கு மேலே இருந்த சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாரும் வெயில்கரைக்கு வந்துவிட்டோம். எங்கள் தலைக்கு மேலே பார்க்க எதிர்க்கரையில் ஒருவரும் இல்லை.

"எங்க வீட்ல இப்ப ஜன்னல் இல்லையே" என்றாள் உர்செட்டா மெல்ல. "அதான் இங்கே வந்து நின்னு பார்க்கிறார்."

"ஆனா எங்க மலையைப் பார்க்கவே மாட்டேன்னு சொன்னாரே?"

"சொன்னார். ஆனா தினமும் ஜெபம் முடிஞ்சதும் ஜன்னலுக்குப் போவார். 'நான் ஒண்ணும் அவங்க மலையைப் பார்க்கல, வானத்தைப் பார்க்கிறேன்'னு சொல்லிக்கிட்டே பார்ப்பார். ஒரு நாள்கூட விட்டதில்ல."

பிளாசி மாமா எங்களைக் கண்டுவிட்டார். "என்னடி அங்கே ரெண்டு பேரும்? உள்ள போங்க, குளிருது. நான் சும்மா வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

பாதை திறந்து அப்பா வந்து சேர மூன்று நாளாயிற்று. புள்ளி எழுந்து நின்று பால் குடித்தது. அந்த மூன்று நாளும் பிளாசி மாமா மணிக்கு ஒரு முறை பாலத்துக்குப் போய் அண்ணாந்து நின்றுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் அவர் கழுத்து ஒரே பக்கமாகப் பிடித்துக்கொண்டது. துர்த்தே அத்தை அடுப்பருகே உட்காரவைத்துத் தைலம் தேய்த்துவிட்டாள்.

"வெறும் வானத்தைப் பார்த்தா கழுத்து இப்படியா பிடிக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

பிளாசி மாமா கழுத்தைத் திருப்ப முடியாமல் சுவரைப் பார்த்தபடியே சொன்னார்:

"என்ன பண்றது, பார்லா? இந்த வருஷம் வானம் ரொம்ப உசரம்."